கொடும்பாவி போட்டிருந்த கோட்டு

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தர் எழுதியிருந்தீர்கள். "மழைக்காகக் கொடும்பாவி இழுத்தோமே, ஞாபகம் கீதில்ல? அன்னிக்கே கொட்டிச்சே மழை. அந்தக் காலம் இனிமே வருமா?" கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள், கண்ணீர் வழியச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். இன்னொருத்தர் 'பொற்காலம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று காலை நான் போட்ட பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை.

நாம் எல்லோரும் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூக்குக்கண்ணாடி, மூட்டு வலித் தைலம், சர்க்கரை இல்லாத டீ என்று ஆகிவிட்டது. இந்த வயதில் பழசைப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பேசுங்கள், ஆனால் முழுசாகப் பேசுங்கள். வைக்கோலில் கட்டிய அந்தக் கொடும்பாவி அந்த வருஷம் ஒரு வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தது. அது யாருடைய கோட்டு என்று ஏன் ஒருத்தரும் எழுதவில்லை? அது என் அக்காவுடைய கோட்டு.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், தொண்ணூற்றொன்று என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரே ஒரு இரவைப் பற்றித்தான் கேட்பார்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதே வருஷம் ஐப்பசியில் நம் ஊரில் நடந்தது. எந்தப் பேப்பரிலும் வராதது.

அக்கா அந்த வருஷம்தான் பி.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ரயில். நம் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். "டாக்டருக்கா படிக்கிறா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப எதுக்கு?" என்பார்கள். அந்த 'எதுக்கு'வுக்கு அக்காவால் யாருக்கும் புரிகிற மாதிரி பதில் சொல்ல முடிந்ததில்லை. விலங்கு முக்கியப் பாடம், செடிகொடி துணைப்பாடம், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இரண்டிலும் வரும். மொத்தத்தில் உயிரோடு இருக்கிற எல்லாவற்றையும் பற்றிப் படிக்கிறாள் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். அதைவிடச் சரியாக இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவள் படிப்பு எங்கள் வீட்டையே மாற்றிவிட்டது. தலைக்கு வைக்க ஒரு செம்பருத்தி மிஞ்சாது. எல்லாவற்றையும் பிளேடால் நெடுக்கு வாட்டில் பிளந்து, உள்ளே இருப்பதைப் படம் வரைவாள். அம்மிக்கல்லுக்கு அடியில் பழைய தினத்தாள், தாளுக்கு நடுவில் குப்பைமேனியும் தும்பையும் சப்பையாகிக் கிடக்கும். அம்மா மிளகாய் அரைக்கும்போது தாள் ஓரத்தில் சிவப்புத் தண்ணீர் இறங்கி, கீழாநெல்லி ஒன்று குழம்பு வாசனையோடு காலேஜுக்குப் போனது. சன்னலில் ஒரு ஊறுகாய் பாட்டில். வைக்கோலை வேகவைத்த தண்ணீரில் ஏரித் தண்ணீரைக் கலந்து மூடி போடாமல் வைத்திருப்பாள். அந்த நாற்றம் இருக்கிறதே, மாட்டுத் தொட்டியும் அழுகின தேங்காயும் சேர்ந்த மாதிரி. "இதுல உயிரு வளரும்மா" என்பாள் அக்கா. "என் உயிரு போவுதுடி" என்பாள் அம்மா.

எனக்கு அவள் மேல் ஒரே ஒரு கோபம்தான் இருந்தது. ரொட்டி. நம் வீடுகளில் ரொட்டி வாங்குவது காய்ச்சல் வந்தால்தான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சல் இல்லாமலேயே அக்கா ஒரு ரொட்டி வாங்கிவந்து, ஒரு துண்டை நனைத்து ஒரு தகர டப்பாவுக்குள் மூடிவைத்தாள். நான் திறந்து பார்த்தபோது அதற்கு வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அப்புறம் மயிர் நுனியில் கறுப்புப் பொட்டு. அழுதேவிட்டேன். அவளோ பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "பாருடி, ஒரு காடே கீது" என்றாள். பார்த்தேன். காடுதான். ஆனால் தின்ன வேண்டிய காடு.

இதெல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோட்டு. லேபுக்குள் போக வெள்ளைக் கோட்டுக் கட்டாயம். மண்ணூர்த் தையல்காரர் அதுவரை கோட்டுத் தைத்ததில்லை. சட்டைக் காலர் வைத்து, ஜிப்பா மாதிரி பக்கவாட்டில் பை வைத்து ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். மார்புப் பக்கம் அக்காவே ஊதா நூலில் தன் பேரின் முதல் எழுத்தைப் பின்னிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, வாசல் கொடியில் விரித்துக் காயப்போடுவாள். எத்தனை துவைத்தாலும் லேப் மருந்து நெடி போகாது. எனக்கு அந்த நெடி பிடிக்கும். அந்த நெடிதான் காலேஜ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை என்னையும் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். ஏரிக்கரை ஊர்ப்பெண் என்பதால் தவளை கொண்டுவரும் வேலையை வகுப்பில் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். விடியற்காலையில் நானும் அவளும் ஏரியில் மிச்சமிருந்த குட்டையில் இறங்கிப் பிடித்து, ரேஷன் பைக்குள் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டினோம். கட்டியது அவள்தான் என்று அவளுக்கு முன்னால் சொல்வேன். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவின் அண்ணன். நிலம் முழுக்க அவர் பேரில், கோயில் வரவுசெலவு அவர் கையில், ஊரில் எந்தப் பேச்சும் முடிவது அவர் வாயில். சலவை வேட்டி, விபூதி, மேல்துண்டு. ஒரகடம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டது. பை வாய் அவிழ்ந்தது. நல்ல பச்சைத் தவளை ஒன்று, கைகால் நீட்டி, அவர் தோளில் ஏறி, அங்கிருந்து மடியில் குதித்தது.

பெரியப்பா போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்தார். "யோவ் பெருசு, தவளைக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் சிரிக்கக் கூடாது? தவளை மேலே குதித்ததைப் பெரியப்பா மன்னித்திருப்பார். பஸ் சிரித்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், அக்காவின் படிப்புக்கு ஊர் வைத்த நெருப்பு அந்தப் பஸ்ஸில்தான் பற்றியது.

அன்றைக்கு லேபில் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. தவளையைக் கண்ணாடி மூடிக்குள் போட்டு, மருந்துப் பஞ்சு வைத்துத் தூங்கவைத்தார்கள். மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தொற. பயப்பட ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. அவள் கத்தரி அத்தனை மெதுவாகப் போயிற்று. உள்ளே குன்றிமணி அளவுக்கு இதயம், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் தோசையைத் திருப்பத் தெரியாமல் பிய்த்துப்போடுகிற கையா இது என்று எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னை ஸ்டூலில் ஏற்றினாள். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள்ளே செருப்பு மாதிரி ஒன்று, சுற்றிலும் ரோமம் அசைய, புரண்டு புரண்டு நீந்திப் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"இன்னாக்கா இது?"

"நம்ம ஏரித் தண்ணிதாண்டி. தெனம் இதுலதான குளிக்கிற."

நான் வீட்டுக்கு வந்து இதை எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் சொன்னேன். நம்ம ஏரிக்குள்ளே கோடிக் கணக்கில் செருப்பு நீந்துகிறது என்று வகுப்பில் சொன்னபோது நீங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தீர்கள். சரி, அதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை.

அந்த வருஷம் புரட்டாசி காய்ந்தது. ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. நாற்று விட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். ஏரி வெடித்துப் பாளம் பாளமாக வாய் திறந்தது. அரசமரத்தடியில் யாரோ, "தவளைச் சத்தமே கேக்கலியே" என்றார்களாம். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிக் கேக்கும்? தவளையைப் புடிச்சு வயித்தைக் கீறிக்கினு கீது ஒரு பொண்ணு. அதை ஊருக்குள்ள வெச்சிக்கினு மழையை வா வான்னா வருமா?"

தவளையைக் கொன்றால் மழை நிற்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நம்பிக்கை என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். ஆனால் அதைச் சொன்ன வாய் எது என்று பார்க்க வேண்டாமா? நாம் குழந்தைகளாக இருந்தபோது, தவளைக்கால் வாங்க ஐஸ் பெட்டியோடு ஒரு வேன் வருமே. ஏதோ வெளிநாட்டில் தின்பார்களாம். ஊர் ஆம்பிளைகள் பெட்ரோமாக்ஸை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்குச் சாக்காய்ப் பிடித்துவருவார்கள். அந்த வேனுக்கு மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தவர் பெரியப்பாதான். அவர் களத்தில்தான் கால்களை வெட்டுவார்கள். கால் இல்லாத தவளைகள் அந்தக் களத்து ஓரத்தில் குவிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சர்க்கார் தடை போட்ட பிறகுதான் வேன் நின்றது. அதுவரைக்கும் எந்த மழையும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

ஒரு நாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கே வந்தார். கட்டிலில் அவர், கீழே அப்பா. அம்மா கதவுக்குப் பின்னால். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன், இரண்டு பேருக்கும் நடுவில் நாலு அடி தூரம்தான் இருக்கும். இந்தத் தபால் வேலையை நடை பழகின நாளிலிருந்து செய்துவந்தேன்.

"காலேஜு போதும். பொண்ணை நிறுத்திடு. ஊரு வாயில விழாத" என்றார் பெரியப்பா.

அப்பா கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. "ஏண்டி, உங்க பெரியப்பாகிட்ட கேளு. மூட்டை மூட்டையா தவளை காலை வெட்டி வேன்ல ஏத்தினப்போ மழை எங்க போச்சுன்னு கேளு."

நான் கேட்டேன். வார்த்தை மாறாமல் கேட்டேன்.

பெரியப்பா முகம் கறுத்தது. என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார். "உங்கம்மாகிட்ட சொல்லு. அது பொழப்பு. இது பாவம்."

இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயிற்றுக்காகச் சாக்குச் சாக்காய் அறுத்தால் பிழைப்பு. இதயம் எப்படித் துடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் ஒன்றை அறுத்தால் பாவம். ஆடி மாதம் கோயிலில் கிடா வெட்டி, ரத்தம் காய்வதற்குள் குழம்பு வைத்துச் சாப்பிட்ட ஊர் இது. அந்த ஊர் ஒரு தவளைக்காக அழுததாம்.

அக்கா நிற்கவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல பஸ் ஏறினாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவளுக்கு மாடல் பிராக்டிகல். அதைச் செய்யாதவர்களை யுனிவர்சிட்டிப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். ஒரு தடவை நின்றுவிட்டால் திரும்ப அவளை யாரும் அனுப்பப்போவதில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் வீட்டில் யாரோடும் சண்டை போடவில்லை. கரப்பான்பூச்சியின் பல்லை, அதாவது அதற்குப் பல் மாதிரி இருப்பதை, படம் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கொடும்பாவி கட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். மழை பொய்த்தால் அதற்கு ஒரு மகா பாவி காரணம் என்று வைக்கோலில் பெண் உருவம் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஏரியில் போட்டு எரிப்பார்கள். எங்கேயும் அந்தப் பாவி ஆம்பிளையாக இருந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக யாராவது கிழிந்த புடவை ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த வருஷம் புடவை கேட்டு யாரும் வரவில்லை.

மதியம் அக்கா கொடியில் காயப்போட்ட கோட்டைக் காணோம். காற்றில் பறந்திருக்கும் என்று வேலி ஓரமெல்லாம் தேடினோம். மாடு மென்றிருக்குமோ என்று மாட்டின் வாயைக்கூட நான் பார்த்தேன். அப்போதுதான் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது.

முன்னால் தலையில் ஈரத்துண்டு போட்ட ஆம்பிளைகள். பின்னால் கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள், என் பேனாவைக் கடன் வாங்குகிறவர்கள், எல்லோரும். கயிற்றின் முனையில் புழுதியில் புரண்டு வந்தது அது. வைக்கோலில் இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள், அக்கா போடுகிற மாதிரியே. சட்டைக் காலர் வைத்த வெள்ளைக் கோட்டு. மார்பில் ஊதா நூல் எழுத்து.

எங்கள் வாசலில் வந்ததும் நின்றார்கள். மற்ற வீட்டு வாசலில் நின்றதைவிட அதிக நேரம் நின்றார்கள். ஒருத்தர் விளக்குமாற்றால் அதை அடித்தார். அம்மா கதவைச் சாத்த வந்தாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சாத்தவிடவில்லை. படி இறங்கிப் போனாள்.

"கோட்டு என்னுது. செவ்வாக்கெழம பரீட்சை கீது. கழட்டிக் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. பெரியவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பெரியப்பா மேளக்காரருக்குக் கையைக் காட்டினார். மேளம் மறுபடி எழுந்தது, கயிறு இழுபட்டது, கோட்டு அவள் காலை உரசிக்கொண்டு போனது. உங்களில் யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை.

நான் பின்னாலேயே ஏரி வரைக்கும் ஓடினேன். வைக்கோல் மளமளவென்று பிடித்துக்கொண்டது. கஞ்சி போட்டு ஈரம் காயாத கோட்டு மட்டும் பிடிக்காமல் வெகுநேரம் புகைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து லேப் மருந்து நெடி வந்தது. பட்டன்கள் உருகி ஒழுகின. நான் வீட்டுக்கு வந்து சொன்னேன், "எரிஞ்சிடுச்சு" என்று. என் தபால் வேலையில் நான் சொன்னதிலேயே மோசமான சேதி அது.

அப்பா சொன்னார்: "அதான் ஆயிடுச்சே. வுடு. நின்னுக்க. கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துடும்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் உழுத நிலம் அண்ணன் பேரில் இருந்தது, அவ்வளவுதான். இதை இப்போது புரிந்துகொள்கிறேன். புரிந்துகொண்ட பிறகும் கோபம் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறந்தாள். அப்பாவின் பச்சைக் கரை வேட்டியை எடுத்தாள். கோயில் கூட்டம், ஊர்க் கூட்டம் என்றால் அப்பா அதைத்தான் கட்டிக்கொண்டு போய் அண்ணனுக்குப் பின்னால் நிற்பார். அரிவாள்மனையை வைத்துக் குறுக்கே ஒரு கிழி.

"ஏய், இன்னாடி பண்ற?"

"ஊரு முன்னாடி வாயத் தொறக்காம நிக்கறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நல்ல வேட்டி? லேபுக்காச்சும் போவட்டும்."

பக்கத்து வீட்டில் ரவிக்கை தைக்கிற அக்காவிடம் துணியை எடுத்துப்போனாள். அந்த அக்கா வெளிக்கதவைச் சாத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் கோட்டு வந்தது. துணி போதாததால் கரையை வெட்ட முடியவில்லை. கீழ் ஓரம் முழுக்கப் பச்சைக் கரை ஓடியது. உலகத்திலேயே பச்சைக் கரை போட்ட லேப் கோட்டு அது ஒன்றுதான் இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை அக்கா அதை மடித்துப் பைக்குள் வைக்கவில்லை. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு, தெரு வழியாக, அரசமரத்தடி வழியாக பஸ்ஸுக்கு நடந்தாள்.

இப்போது நீங்கள் எழுதிய 'அன்னிக்கே கொட்டிச்சே'வுக்கு வருகிறேன். அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. அக்கா பரீட்சை முடித்து, அதே கோட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் முதல் தூறல் போட்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, "நல்லாப் பண்ணிட்டேன்" என்றாள். கோட்டை எரித்ததற்கு மழை வந்தது என்று சொல்கிறீர்களே, கோட்டைப் போட்டதற்கு வந்தது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மழை விடாமல் பெய்தது. கூரை ஒழுகியது, கன்றுக்குட்டி நடையில் கட்டப்பட்டது. ஊரே ஏரிக்கரையில் நின்று பார்த்தது. ஏரி நிரம்பவில்லை. நடுவில் ஒரு குட்டை, சுற்றிலும் சேறு. இத்தனை மழைக்குத் தண்ணீர் கலங்கல் தாண்டி வழிந்திருக்க வேண்டும். பெரியப்பா தலையை ஆட்டினார். "பாவம் இன்னும் தீரல. காரணம் வூட்டுக்குள்ளயே கீது" என்றாராம். மறுபடியும் பேச்சு கிளம்பியது.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரவுக்காலில் எதிர்த்திசையில் நடந்தோம். கால்வாயில் தண்ணீரே இல்லை. கொஞ்ச தூரத்தில் காரணம் தெரிந்தது. பெரியப்பா மெட்ராஸ் புரோக்கரோடு சேர்ந்து பிளாட் போட்டிருந்த இடம். ஆவணியில் லாரி லாரியாக மண் கொண்டுபோய்க் கொட்டினார்களே, ரோடு போட. அந்த ரோட்டுக்காக வரவுக்காலை மூடியிருந்தார்கள். ஏரிக்கு வரவேண்டிய தண்ணீர் அந்த மண்ணில் முட்டி, பிளாட்டுக்குள் ஏறி, எல்லைக் கற்களின் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தது. தவளைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கல்லுக்கு ஒன்றாக உட்கார்ந்து காது கிழியக் கத்தின.

அக்கா நேராக அரசமரத்தடிக்குப் போனாள். நானும் கூடவே.

"பெரியப்பா, தவளைங்க எங்கியும் போவல. உங்க பிளாட்டுலதான் கீது. ஏரித் தண்ணியும் அங்கதான் கீது. மண்ணை எடுத்தா வந்துடும்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. லாரிகள் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பலபேர் அந்த லாரிகளில் மண் அள்ளியிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரு பெண்ணின் கோட்டை எரித்தார்கள்.

"மழைல ஏரி சுத்திட்டு வந்து ஆம்பளைங்க நடுவுல நிக்கறியே, உங்கப்பன் வளத்த லட்சணமா இது?" என்றார் பெரியப்பா.

அப்பா அங்கேதான் இருந்தார். அன்றைக்கு அவர் ஊர்க் கூட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "போதும். வா வூட்டுக்கு" என்றார். அண்ணனிடம் இல்லை, அக்காவிடம்.

வரவுக்கால் திறக்கப்படவில்லை. ஏரி அதற்குப் பிறகு ஒழுங்காக நிரம்பவே இல்லை. நிரம்பாத ஏரியை நம்பி யார் பயிர் வைப்பார்கள்? பிளாட்டு பெருகியது. அப்புறம் கம்பெனிகள் வந்தன, ஷிப்ட் பஸ் வந்தது, நீங்களே பலபேர் அந்தக் கம்பெனி லைனில் வேலைக்கு நின்றீர்கள். நாங்கள் அந்தப் பொங்கலுக்கு முன்பே சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். வண்டியில் சாமான் ஏற்றும்போது வழியனுப்ப வந்தது ரவிக்கை தைக்கிற அக்கா மட்டும்தான். அக்கா அந்தப் பச்சைக் கரைக் கோட்டிலேயே டிகிரி முடித்தாள். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலைக்குப் போனாள், இன்னும் போகிறாள். அந்தக் கோட்டு இப்போது இல்லை. நைந்ததும் அம்மா அதைக் கிழித்துக் கைப்பிடித் துணியாக்கிவிட்டாள். எதையும் பத்திரப்படுத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இதையெல்லாம் நான் எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் 'பொற்காலம்' என்று எழுதினவரே நேற்று ஒரு வீடியோவும் போட்டார். அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிரிட்ஜ் சாய்ந்து மிதக்கிறது. கட்டில் மேல் ஸ்டூல் போட்டு அவர் பேரன் உட்கார்ந்திருக்கிறான். "எந்த மழைன்னாலும் நம்ம நகருக்குள்ளயே ஏன் வருதுன்னு தெரியல. இன்னா பாவம் பண்ணோமோ" என்று கீழே எழுதியிருந்தார். அதே பிளாட்டுகள்தான். இப்போது அதற்கு நகர் என்று பேர்.

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிரிட்ஜைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கூட்டிவைத்து, காதருகே கொண்டுபோய்க் கேட்டாள்.

"தவளை கத்துது, கேட்டியா?"

கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், நன்றாகவே.

"தண்ணி அது வூட்டுக்குத்தான் வருது. இவுங்கதான் அது வழியில கீறாங்க" என்றாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம், சின்ன வயதில் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

"கயிறு புடிச்ச கைதான? மம்பட்டி புடிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.